தம் மடையை அடைத்தவர்கள்

(லெந்து காலத்து மாலைக் கூட்டம் ஒன்றில் தஞ்சாவூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாழ்மை, விடாமுயற்சி, விசுவாசத்தில் வளர்வது ஆகிய மூன்றையும் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பேச எனக்கு வரவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடுகின்றன. அதனால் நம் ஊரிலேயே அடக்கமாகியிருக்கும் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன்.

1798 பிப்ரவரி 13ஆம் தேதி கிறிஸ்டியான் ஃபிரெட்ரிக் ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் காலமானார். மராட்டிய அரச வாரிசான சரபோஜிக்கு அப்போது இருபது வயது. அடக்கத்துக்கு நேரில் வந்தார், அழுதார், உடலின்மேல் பொன் துணி போர்த்தினார். பிறகு ஐயரின் கல்லறைக்கென்று ஆங்கிலத்தில் ஒரு சிறு பாடலை அவரே எழுதிக் கொடுத்தார். சரபோஜி கடைசிவரை தம் முன்னோர்களின் சமயத்திலேயே வாழ்ந்தவர். ஒரு கிறிஸ்தவ ஊழியக்காரரைப் பற்றி அவர் கல்லில் வெட்டச் சொன்ன பாடல், உறுதி, தாழ்மை என்ற இரண்டு குணங்களைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஐயர் ஏழைகளுக்குச் செய்த உதவிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கண்ட அந்த இருபது வயது இளைஞரின் கண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். நாம் பொதுவாக இவற்றை எதிரும் புதிருமாக நினைக்கிறோம். தாழ்மையுள்ளவர் விட்டுக்கொடுப்பார், உறுதியுள்ளவர் விடமாட்டார் என்று பிரித்து வைத்திருக்கிறோம். சரபோஜி அப்படிப் பார்க்கவில்லை. அவருக்கு அப்படிப் பார்க்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் இந்த இரண்டு குணங்களாலும் உயிர் பிழைத்தவர் அவர். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஸ்வார்ட்ஸ் ஐயர் 1726இல் பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் ஊரில் பிறந்தவர். 1750இல் கடலூரில் வந்து இறங்கினார். தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி என்று ஊழியம் செய்து, 1778இல் தஞ்சாவூரைத் தம் ஊராக்கிக்கொண்டார். வந்த பிறகு ஏறக்குறைய 48 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. திருச்சியில் இருந்தபோது அவரைப் பார்த்த ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்: ஆண்டுக்கு 48 பவுன் வருமானம், ஒரு பழைய கட்டடத்தில் கட்டில் போடும் அளவுக்கு ஓர் அறை, கறுப்புச் சாயம் தோய்த்த சாதாரணப் பருத்தி உடை, சோறும் காய்கறியும்தான் சாப்பாடு. இப்படி வாழ்ந்தவர் இன்னும் பலர் இருந்திருக்கிறார்கள். எளிமை மட்டும் பெரிய செய்தி ஆகிவிடாது. அவர் கைக்கு அதிகாரம் வந்தபோது என்ன செய்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1780இல் ஹைதர் அலியின் படை தமிழ்நாட்டுக்குள் புகுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை அரசாங்கம் ஐயரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதரிடம் தூது அனுப்பியிருந்தது. வழிச் செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயை ஐயர் அப்படியே சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப் பார்த்தார். அவர்கள் வாங்கவில்லை. அந்தப் பணத்தைத் தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாகப் போட்டார். போர் தொடங்கிய பிறகு வயல்கள் தரிசாகக் கிடந்தன. ஊர் ஊராகச் சனங்கள் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் வந்து அடைந்தார்கள். கோட்டையில் நெல் இல்லை. வெளியே விவசாயிகளிடம் நெல் இருந்தது, ஆனால் கொண்டுவர மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். முன்பு கொண்டுவந்த நெல்லுக்குக் காசு வரவில்லை. மாடுகளைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அரண்மனை வாக்குக் கொடுத்தது, யாரும் நம்பவில்லை. கிழக்கிந்தியக் கும்பெனி வாக்குக் கொடுத்தது, அதையும் யாரும் நம்பவில்லை. நம் இருவர் சொல்லும் செல்லாது, பாதிரியார் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா பார்ப்போம் என்று ராஜாவே சொல்லும் நிலை வந்தது.

ஐயர் ஊர்களுக்கு ஆள் அனுப்பினார். பணம் தருகிறேன் என்றார், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. கொஞ்ச காலத்துக்குள் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. ஒவ்வொருவருக்கும் சொன்னபடி காசு கொடுத்தார். நம் பக்கத்து விவசாயியை உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தையை நம்பி நெல்லை வண்டியில் ஏற்றுகிறார் என்றால், அந்த வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வருஷப் பழக்கம் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

போர் முடிந்த பிறகும் இதே கதை. ராஜாவின் மந்திரியுடைய கெடுபிடி தாங்காமல் குடியானவர்கள் ஊரை விட்டு ஓடிப்போனார்கள். சாகுபடிக் காலம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இனி உங்கள்மேல் கொடுமை நடக்காது என்று ஐயர் தம் பேரில் உறுதி கொடுத்தார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். காலம் தாழ்ந்துவிட்டதே, வேகமாக வேலையைப் பாருங்கள் என்று அவர் சொன்னதற்கு, உங்களுக்காக இராப்பகலாகப் பாடுபடுகிறோம் என்று பதில் சொன்னார்களாம். அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இப்போது 1787க்கு வருகிறேன். தஞ்சாவூர் அரசர் துளஜா மகாராஜா மரணப் படுக்கையில் கிடக்கிறார். பத்து வயதுகூட நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்திருக்கிறார். ஐயரை அழைத்து, இவன் இனி உங்கள் பிள்ளை, உங்கள் கையில் ஒப்படைக்கிறேன் என்கிறார். ஒரு நிமிடம் இந்த இடத்தில் நின்று பாருங்கள். காவிரிப் படுகையின் முழு நெல் களஞ்சியமும், அதன் வரியும், அதன் படையும் நடைமுறையில் ஒரு பாதிரியாரின் கைக்கு வருகின்றன. ஊழியத்துக்கு எவ்வளவு வசதி! எத்தனை ஆலயம் கட்டலாம், எத்தனை பள்ளி திறக்கலாம்! நம்மில் பலர் அதைத் தேவனுடைய வழிநடத்துதல் என்று ஒரு நொடியில் சாட்சி சொல்லியிருப்போம்.

ஐயர் மறுத்தார். இந்தப் பிள்ளையைக் காப்பாற்றும் பலம் எனக்கு இல்லை, நாட்டில் பிரிவினை வரும், உங்கள் சகோதரர் அமர்சிங்கிடம் ஒப்படையுங்கள் என்றார். அப்படியே நடந்தது.

அந்த மறுப்பு நல்லபடியாக முடியவில்லை. இதையும் நான் சொல்லியாக வேண்டும். அமர்சிங் அரியணையைத் தமதாக்கிக்கொண்டார். தத்து செல்லாது என்று தீர்ப்பு வாங்கப்பட்டது. சரபோஜி வெளிச்சம் இல்லாத அறையில் அடைபட்டார், படிப்பு நின்றது. தாழ்மையால் ஒருவர் விலகினார், அதன் பலனை ஒரு சிறுவன் அனுபவித்தான் என்று யாராவது குற்றம் சாட்டினால் எளிதில் மறுத்துவிட முடியாது.

நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன். ஐயர் அதிகாரத்தை மறுத்தார், பொறுப்பை மறுக்கவில்லை. அன்று முதல் பதினொரு ஆண்டுகள், தம் கடைசி மூச்சுவரை, அந்தப் பிள்ளைக்காக அலைந்தார். சென்னைக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பையனுக்குப் பாதுகாப்பாகக் காவலர்களை ஏற்பாடு செய்தார். 1793இல் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிப்புக்கு வழி செய்தார். தத்து செல்லாது என்ற தீர்ப்பை மறுபடி விசாரிக்க வைத்தார். கடைசியில் சரபோஜியின் உரிமை நிலைநாட்டப்பட்டது. 1798 ஜூன் மாதம் அவர் அரியணை ஏறினார். ஐயர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

தாழ்மை என்ற பெயரில் ஒதுங்கிக்கொள்வது சுலபம். நமக்கேன் வம்பு என்று ஒதுங்குகிறவரையும் நம் சபைகளில் தாழ்மையானவர் என்றே சொல்கிறோம். ஒதுங்கிய பிறகும் பதினொரு ஆண்டு விடாமல் பின்தொடர்ந்தால்தான், முதலில் ஒதுங்கியது சுயநலத்தால் அல்ல என்பது தெரியவரும். அதனால்தான் தொடக்கத்திலேயே சொன்னேன், இந்த இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு வரவில்லை என்று.

காவிரிக் கரையில் வாழ்கிற நமக்கு இதைப் புரிய வைக்க ஓர் உவமை இருக்கிறது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னி வாய்க்காலாகிக் கடைமடைக்குப் போய்ச் சேருவதற்குள் நாள் கணக்காகிறது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். தலைமடைக்காரருக்கு முறை முடிந்தது என்று வையுங்கள். நடு இரவு. வயல் நிரம்பிவிட்டது. ஆனாலும் மடை திறந்தே கிடக்கிறது, தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அவர் எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய், இரண்டு வெட்டு மண்ணைப் போட்டுத் தம் மடையை அடைக்கிறார். அந்தத் தண்ணீர் யார் வயலுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாது. வேளாங்கண்ணிப் பக்கத்திலோ வேதாரண்யம் பக்கத்திலோ, அவர் முகம்கூட அறியாத ஒருவருடைய நாற்றங்காலுக்குப் போகும். தாழ்மையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த மண்வெட்டிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அடுத்த முறைக்கும் அவர் எழுந்து போக வேண்டும், அதற்கடுத்த முறைக்கும் போக வேண்டும். ஒருநாள் அடைத்ததற்குப் பெயர் தாழ்மை ஆகிவிடாது.

பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வதையும் நான் இப்படியே வாசிக்கிறேன். தமக்கு உரிமையாக இருந்ததை அவர் இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை, அடிமையின் நிலைக்கு இறங்கினார் என்று அங்கே வாசிக்கிறோம். இறங்கியவர் பாதி வழியில் நின்றுவிடவில்லை, சிலுவைவரை போனார் என்பதும் அதே பகுதியில்தான் இருக்கிறது. தாழ்மையும் உறுதியும் அந்த அதிகாரத்தில் ஒரே மூச்சில் வருகின்றன.

சகோதரர்களே, நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் ஒரு காரியத்துக்கு இப்போது வருகிறேன். நம் மண்ணில் தாழ்மையைப் பற்றி அதிகமாகப் பிரசங்கம் கேட்டவர்கள் யார்? ஏற்கனவே கீழே வைக்கப்பட்டவர்கள். கைகட்டி நின்றவர்கள், தோளில் துண்டு போட முடியாதவர்கள், பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகச் செத்தவர்கள். கடைமடைக்காரரிடம் போய், ஐயா, நீங்கள் தண்ணீரை விட்டுக்கொடுங்கள் என்று உபதேசம் செய்தால் அது என்ன நியாயம்? அவரிடம் விட்டுக்கொடுக்கத் தண்ணீரே இல்லையே.

இதைச் சொல்லும்போது ராஜநாயக்கன் என்ற பெயரை நீங்கள் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தஞ்சாவூர் அரசரின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கத்தோலிக்கர். சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார் அல்லவா? அந்த அச்சில் வந்த நற்செய்தி நூல் ஒன்று இந்தப் படைவீரர் கைக்கு வந்து சேர்ந்தது. வாசித்தார், மறுபடி மறுபடி வாசித்தார். பிறகு தரங்கம்பாடியோடு தொடர்பு வைத்துக்கொண்டு, படை வேலையை விட்டு, உபதேசியாராக ஆனார். மிஷனெரிகள் உள்ளே வர அரசர் அனுமதி தராத காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையின் கிராமங்களில் நற்செய்தியைக் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர். எதிர்ப்பு வந்தது, அடி வந்தது, தளரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குமேல் அந்த வேலையில் நின்றார்.

1733இல் ஆரோன் ஐயர் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்ட் சபையின் முதல் தமிழ்க் குரு அவர். 1741இல் தியோகு ஐயருக்குப் பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கனுக்குக் கொடுக்கவில்லை. அவருடைய உழைப்பையும் வரத்தையும் மிஷனெரிகள் அறிந்தே இருந்தார்கள். ஆனால் அவர் கையால் மற்ற சாதியார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற யோசனை குறுக்கே நின்றது. அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார், உபதேசியாராகவே இறந்தார்.

அவர் தாழ்மையாக இருந்தார் என்று நான் புகழப்போவதில்லை. அவருக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. அவருடைய விடாமுயற்சியை நான் வணங்குகிறேன். தாழ்மை இருந்திருக்க வேண்டிய இடம் வேறு. நற்கருணைப் பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்க மறுத்திருக்கக்கூடியவர்களிடம் இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய மனக்கசப்புக்குப் பயந்து பேசாமல் இருந்தவர்களிடமும் இருந்திருக்க வேண்டும். இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். மேலே இருந்தவர் கீழே இறங்கிக் கழுவினார். கீழே இருந்தவர்களைப் பார்த்து இன்னும் குனியுங்கள் என்று அவர் சொன்னதாக நான் நான்கு சுவிசேஷங்களிலும் வாசித்ததில்லை.

ஸ்வார்ட்ஸ் ஐயரும் இந்தக் காரியத்தில் முழுமையாக நின்றவர் இல்லை. ஆலயத்தில் சாதிவாரியாக இரண்டு பக்கமாக உட்காரும் வழக்கத்தை அவர் காலம் பொறுத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக மாறும் என்று நம்பினார்கள். அவர் வளர்த்த பிள்ளை வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் ஐயரோடு தஞ்சாவூருக்கு வந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இன்று தமிழ் பேசும் எந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் அவருடைய பாட்டு ஒன்றாவது தெரியாதவர் இல்லை. சரபோஜியின் அவையில் இருந்துகொண்டு தம் விசுவாசத்தில் ஓர் அணுவும் பிசகாதவர். அதே சாஸ்திரியார் 1829இல் சபைக்குள் சாதி வழக்கங்களை ஆதரித்து வாதாடி ஒரு நூல் எழுதினார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இனி கூடாது என்று கட்டளை அனுப்பியபோது, தஞ்சாவூர்ச் சபையில் பெருவாரியானவர்கள் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். சேர்ந்து உட்காரச் சொன்னதற்காக வெளியேறினார்கள். இது நம் முன்னோர்களுடைய வரலாறு, நம்முடைய வரலாறு.

சாஸ்திரியாரின் பாட்டைப் பாடும்போது எனக்குக் கண் கலங்கும். அந்த நூலை நினைக்கும்போது மனம் கனக்கும். இரண்டும் ஒரே மனிதருடைய பேனாவிலிருந்து வந்தவை. விசுவாசத்தில் வளர்வது என்பது எல்லாப் பக்கமும் ஒரே சீராக நடப்பதில்லை என்று இதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். ஜெபத்தில் நன்றாக வளர்ந்தவர் நீதியில் குழந்தையாகவே இருக்கலாம். பாட்டில் முதிர்ந்தவர் பந்தியில் முதிராதவராக இருக்கலாம். நான் எந்தப் பக்கத்தில் இன்னும் வளரவில்லை என்று காட்டு, ஆண்டவரே என்று கேட்பது லெந்து காலத்துக்கு ஏற்ற ஜெபம் என்று நினைக்கிறேன்.

பழங்கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, நாம் கிறிஸ்து பிறப்புப் பாட்டுப் பாடி முடித்துத் தூங்கப் போன இரவு, இதே பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் குடும்பங்கள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் பிறந்த நாளில் நம் மாவட்டத்தில் நடந்தது இது. காவிரிப் படுகையில் தாழ்மையைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்தத் தேதியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

விசுவாசத்தில் வளர்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாற்கு நான்காம் அதிகாரத்தில் ஒரு சிறிய உவமை இருக்கிறது. விதைக்கிறவன் உவமையைப் போலப் புகழ் பெற்றது அல்ல, மற்ற சுவிசேஷங்களில் அது வருவதும் இல்லை. ஒருவன் விதைத்துவிட்டுத் தூங்கப் போகிறான், விழிக்கிறான், பயிர் வளர்கிறது, எப்படி வளர்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. நூற்றைம்பது நாள் சம்பாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை. இன்றைக்கு எவ்வளவு வளர்ந்தது என்று தினமும் அளந்து பார்க்கும் விவசாயியை நான் கண்டதில்லை. களை பறிப்பார், தண்ணீர் கட்டுவார், மழை வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பார். விசுவாசத்தை மட்டும் நாம் அளந்துகொண்டே இருக்கிறோம். இந்த உபவாசத்தில் எனக்கு என்ன அனுபவம் கிடைத்தது, இந்தக் கன்வென்ஷனில் எவ்வளவு அபிஷேகம் கிடைத்தது என்று கணக்குப் பார்க்கிறோம். கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துபோகிறோம்.

எங்கள் கிராமச் சபையில் ஒரு பாட்டியம்மா இருந்தார்கள். நடவு நட்டுப் பிழைத்தவர்கள். விதவை. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, களைந்த அரிசியைப் பானையில் போடுவதற்கு முன்னால் அல்ல, களைவதற்கும் முன்னால், முறத்தில் அரிசியை எடுத்தவுடனே ஒரு பிடி எடுத்து ஒரு பழைய ஓவல்டின் டப்பாவில் போடுவார்கள். ரேஷன் அரிசிதான். களைந்த பிறகு எடுத்தால் ஈரம் பட்டுக் கெட்டுவிடும், ஞாயிற்றுக்கிழமைவரை தாங்காது என்று எனக்கு விளக்கிச் சொன்னார்கள். ஞாயிறு காலையில் டப்பாவை முந்தானையில் மறைத்து எடுத்துவந்து, பிடியரிசிக் கூடையில் கொட்டிவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வேலை இல்லாத மாதங்களில் பிடி சின்னதாகும், ஆனால் நிற்காது. கஜா புயல் 2018 நவம்பரில் அடித்துப் போட்ட அந்த மாதத்தில்கூட டப்பா வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்த நாட்கள் அவை. நிவாரண அரிசி கொடுத்தார்கள் அல்லவா, அதிலிருந்து ஒரு பிடி. உங்களுக்கே இல்லையே பாட்டி என்று நான் கேட்டதற்கு, எனக்கு இல்லைன்னா யாருக்கோ அதைவிட இல்லாம இருக்கும் தம்பி என்றார்கள். விசுவாசத்தில் வளர்வதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பேசியதில்லை. சாட்சி சொல்ல எழுந்து நின்றதும் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட நான் அவர்களைவிட எவ்வளவோ படித்தவன். என் விசுவாசத்தைத் தாங்கி நிறுத்தியது நான் படித்த வேதாகம விளக்கங்களைவிட அந்த டப்பாதான் என்று உங்கள் முன்னால் சொல்ல எனக்கு மகிழ்ச்சியே.

தஞ்சாவூரின் இன்னொரு பெரியவரையும் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்து, ஆசிரியராக வாழ்ந்து, சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றவர் ஆபிரகாம் பண்டிதர். மருத்துவத்தில் வந்த பணத்தைத் தமிழிசைக்குச் செலவிட்டார். 1912 முதல் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைத் தஞ்சாவூரில் கூட்டினார், வந்தவர்களுக்கெல்லாம் இடமும் உணவும் கொடுத்தார். 1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. இரண்டு ஆண்டில் அவர் காலமானார். இரண்டாம் பகுதியை அவருடைய மகள் மரகதவல்லி பல ஆண்டுகள் கழித்து, 1946இல் வெளியிட்டார். தொடங்கியவர் முடிக்கவில்லை, முடித்தவர் தொடங்கவில்லை. பெரிய காரியத்தைத் தொடங்கிவிட்டு இடையில் கைவிடவில்லை என்பதைவிட, முடிவைக் காணாமலே உழைக்கத் துணிந்தார் என்பதுதான் என்னை ஈர்க்கிறது.

ஸ்வார்ட்ஸ் ஐயரும் அப்படித்தான். சரபோஜியின் பட்டாபிஷேகத்தை அவர் பார்க்கவில்லை. அந்த அரசர் சரஸ்வதி மகாலை வளர்த்ததையும், ஒரத்தநாட்டில் சத்திரம் கட்டியதையும், கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கிடைக்கும்படி தருமம் வைத்ததையும் பார்க்கவில்லை. சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள ஆலயத்தில் இருக்கும் பளிங்குச் சிற்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சரபோஜி இங்கிலாந்தில் ஜான் ஃப்ளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தது. ஐயர் கட்டிலில் கிடக்கிறார், அரசர் அவர் கையைப் பிடித்திருக்கிறார், கட்டிலருகே பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அரசர் நிற்க, பாதிரியார் படுத்திருக்க, ஏழைப் பிள்ளைகள் அரசரோடு அதே கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். ஓர் அரசர் தம்மையும் அந்தப் பிள்ளைகளையும் ஒரே சிற்பத்தில் வைத்துச் செதுக்கச் சம்மதித்திருக்கிறாரே, அதுவும் ஐயரிடம் கற்றதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஐயருக்குப் பளிங்கு கிடைத்தது. ராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் இந்தப் படுகையின் ஒவ்வொரு சேகரத்திலும் உபதேசியார்கள் இருந்திருக்கிறார்கள். சைக்கிள்கூட இல்லாத காலத்தில் வரப்பில் நடந்து போய் ஜெபம் நடத்தியவர்கள், ஓலைக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு அ ஆ சொல்லிக் கொடுத்தவர்கள், சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்றபோதும் ஊரை விட்டுப் போகாதவர்கள். அவர்களோடு பைபிள் பெண்களும் இருந்தார்கள், அவர்கள் பெயரை இன்னும் குறைவாகவே எழுதி வைத்திருக்கிறோம். ஆலயங்களின் சுவர்களில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் இருக்கிறது, அடிக்கல் நாட்டியவர்களின் பெயர் இருக்கிறது. இவர்கள் பெயர் பெரும்பாலும் இல்லை.

ஆகவே இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு சபையாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த லெந்து காலம் முடிவதற்குள், உங்கள் கிராமத்தில் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்களிடம் போய் உட்காருங்கள். அந்தக் காலத்தில் எந்த உபதேசியார் இருந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை வருஷம் இருந்தார், பிள்ளைகளுக்கு யார் பாடம் சொன்னது என்று கேட்டு, ஒரு நூறு பக்க நோட்டில் எழுதுங்கள். எந்தத் தெருவைச் சேர்ந்தவராக இருந்தாலும் ஒரே வரிசையில் எழுதுங்கள். எழுதிய நோட்டை ஆலயத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். எங்கள் சபையில் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் அந்தப் பாட்டியின் பெயர் இருக்கிறது.